ஊர், பொருள், பெயர்: குகைக் கல்வெட்டுகளில் சிறுவணிகர்

மதுரைக்கு வடக்கே, அழகர்மலைத் தொடரில், கிடாரிப்பட்டி என்னும் ஊரை அடுத்து, சமணத் துறவியர் தங்கித் தவம் இயற்றிய குகைத்தளம் ஒன்று உள்ளது. மழைநீர் உள்ளே வடியாதவாறு பாறையின் நெற்றியில் காடி வெட்டியிருக்கிறார்கள். உள்ளே வழவழப்பாகச் செதுக்கிய கற்படுக்கைகள் இருக்கின்றன. அத்தளத்தில் தமிழ்ப் பிராமி எழுத்தில் பொறித்த சிறுசிறு கல்வெட்டுகள் பல. அவை ஏறத்தாழ கி.மு. முதல் நூற்றாண்டைச் சார்ந்தவை என்பது அறிஞர் கணிப்பு. அவற்றைப் படிக்கச் செல்பவர் அரசர் பெயரையோ குறுநில மன்னர் பெயரையோ எதிர்பார்த்துச் செல்வர். அங்கே காணக் கிடைப்பவரோ ஓர் உப்பு வணிகர், ஒரு பாணித வணிகர், ஒரு கொழு வணிகர், ஓர் அறுவை வணிகர், ஒரு பொற்கொல்லர்.

பாணிதம் என்பது பாகு. அதனைக் கள் என்று கொள்வாரும் உளர். அருகன் நெறித் துறவியர்க்கு இடம் அமைத்த அறச்செயலில் கள் விற்றவர் பெயர் வெளிப்படையாக இடம்பெற்றிருக்கும் என்று எண்ண எனக்கு மனம் வரவில்லை. கொழு என்பது ஏர்க் கலப்பையின் இரும்பு முனை. அறுவை என்பது துணி. உப்பு வணிகரின் பெயர் வியகன், ஊர் மதுரை. இவர்களுள் எவரும் கலம் செலுத்திக் கடல் கடந்த பெருநாய்கர் அல்லர். இன்றைய வழக்கில் சொன்னால் மளிகைக் கடைக்காரர், துணிக் கடைக்காரர், இரும்புச் சாமான் விற்பவர். பெரும்பொருள் கொண்டு பெருங்கோயில் எடுக்க இயலாத சிறுவணிகர், தத்தம் அளவில் ஆளுக்கொரு பங்காகக் கொடுத்து ஒரு குகைத்தளத்தைத் துறவியர்க்கு உறைவிடம் ஆக்கியுள்ளனர்.

இதை இம்மலரில் எழுதுவதற்குக் காரணம் உண்டு. சமணர் என்றால் வணிகர் என்று வெளியார் எண்ணுகின்றனர். அது வடநாட்டிலிருந்து வந்து இங்கே கடை வைத்திருக்கும் சமணப் பெருமக்களைக் கண்டு ஏற்பட்ட எண்ணம். தமிழ்ச் சமணக் குடும்பங்களோ தலைமுறை தலைமுறையாக ஏரைப் பிடித்தவை. வந்தவாசி, செய்யாறு, செஞ்சி, திண்டிவனம் பகுதிகளில் நயினார் வீடு என்றால் நெல்லும் மணிலாவும் விளையும் வீடு என்றே பொருள். இன்று நம் பிள்ளைகள் பலர் நிலத்தை விட்டு நீங்கிச் சிறுதொழில் தொடங்குகின்றனர். ஒருவர் மரச்செக்கு எண்ணெய் ஆட்டுகிறார். ஒருவர் சிறுதானிய மாவு அரைத்து விற்கிறார். பெண்மக்கள் சிலர் தையலகம் நடத்துகின்றனர். தொழில் தொடங்கியதும் அவர்கள் முன் நிற்கும் முதல் இடர், நம்மை ஊரார்க்குத் தெரியவில்லையே என்பது. வாணிகம் நமக்குப் பழக்கம் இல்லாத துறை என்ற தயக்கம் ஒருபுறம். விளம்பரம் செய்தால் வாய்மை நோன்பு வழுவுமோ என்ற அச்சம் மறுபுறம். பெரியோர் சிலர் இவ்விரண்டையும் சொல்லியே பிள்ளைகளைத் தடுத்து நிறுத்துவதும் உண்டு.

பழக்கம் இல்லாத துறை என்பது சரியன்று என்பதற்கு அழகர்மலைப் பாறையே சான்று. அழகர்மலைக்கும் முற்பட்ட மாங்குளம் (மீனாட்சிபுரம்) கல்வெட்டுகள், பாண்டியன் நெடுஞ்செழியன் காலத்தில் கணி நந்தன் என்னும் சமணத் துறவிக்கு அமைத்த பள்ளியைக் குறிக்கின்றன. அங்கும் கொடையாளருள் வெள்ளறை நிகமத்தார் இருக்கின்றனர். நிகமம் என்பது வணிகர் குழு. கரூரை அடுத்த புகழூரில், சேரர் மரபினர் மூவரைக் குறிக்கும் பெரும்புகழ் பெற்ற கல்வெட்டு உள்ள அதே ஆறுநாட்டார் மலையில், கருவூர்ப் பொன் வாணிகன் நத்தி என்பவர் அமைத்த இருக்கையும் உள்ளது. தமிழகத்தில் சமணம் வேரூன்றிய முதற்காலத்திலேயே அதன் பக்கத்தில் தராசும் முகவையும் இருந்தன.

இனி இக்கல்வெட்டுகளின் அமைப்பை நோக்குவோம். ஊர், விற்கும் பொருள், ஆளின் பெயர்: இம்மூன்றே அவற்றில் பெரும்பாலும் உள்ளவை. கருவூர், பொன் வாணிகன், நத்தி. மதுரை, உப்பு வணிகன், வியகன். அடைமொழி இல்லை, புகழ்ச்சி இல்லை.

இந்த அமைப்பைத் தமிழ் பயின்றோர் வேறோரிடத்தில் கண்டிருப்பர். மதுரைக் கூலவாணிகன் சீத்தலைச் சாத்தனார். மதுரை அறுவை வாணிகன் இளவேட்டனார். உறையூர் இளம்பொன் வாணிகனார். முல்லைப்பாட்டைப் பாடிய நப்பூதனாரைக் காவிரிப்பூம்பட்டினத்துப் பொன்வாணிகனார் மகனார் என்று தந்தையின் தொழிலால் குறித்தனர். வகுப்பில் இப்பெயர்களை நீண்ட பெயர்கள் என்று மாணவர் முணுமுணுத்துக்கொண்டே மனப்பாடம் செய்வர். அவை வெறும் நீளம் அல்ல. எந்த ஊரில், எந்தக் கடைத்தெருவில், யாரைக் கேட்டால் இவர் அகப்படுவார் என்பதை உள்ளடக்கிய முகவரிகள். பொருள் பழுதாயின் கொண்டவர் திரும்பி வந்து கேட்பதற்கு உரிய வழி அப்பெயரிலேயே இருக்கிறது. பெயரைச் சொல்லி விற்பவன் பொறுப்பையும் சேர்த்தே விற்கிறான்.

பண்டத்தின் மேலும் அப்பெயர் ஏறியது. புகார் நகரின் பண்டகசாலையைப் பாடும் இளங்கோவடிகள், அயலிலிருந்து வந்த வணிகர் தம் பெயரும் அளவும் எழுத்தால் பொறித்த பொதிகள் அங்கே கிடந்தமையை இந்திரவிழவூரெடுத்த காதையில் கூறுகிறார். எகிப்து நாட்டின் செங்கடற்கரைத் துறையான குசேர் அல் காதிமில் அகழ்ந்தபோது கணன், சாதன் என்னும் பெயர்கள் தமிழ்ப் பிராமியில் கீறப்பட்ட பானை ஓடுகள் கிடைத்தன. பெரெனிகே துறையில் கொறபூமான் என்ற பெயருடைய ஓடு கிடைத்தது. பெயர் எழுதாத பானையும் கடலைக் கடந்திருக்கும். ஆனால் அது யாருடையது என்று சொல்ல இன்று எவரும் இல்லை.

குகைத்தளத்தில் பெயர் பொறித்தது விளம்பரமே என்று ஒரு கருத்துச் சொல்லப்படுவதுண்டு. அதை அப்படியே ஏற்பதற்கில்லை. துறவியர் பொன் வாங்குவோர் அல்லர்; கொழு வாங்குவோரும் அல்லர். மலையடிவாரத்திலிருந்து ஏறி வந்தாலன்றி அவ்வெழுத்து ஒருவர் கண்ணிலும் படாது. விற்பனை நோக்கம் மட்டுமே இருந்திருப்பின் ஊர் நடுவில் எழுதியிருப்பர். ஆயினும், அதில் உலகியல் பயன் ஒரு சிறிதும் இல்லை என்பதும் மிகையே. அறம் கேட்க வந்த இல்லறத்தார் அங்கே கூடினர். கூடியோர், இந்தப் படுக்கையை அமைத்தவர் மதுரையில் உப்பு விற்பவர் என்று அறிந்தனர். விற்பனை நிகழாத இடத்தில் அறிமுகம் நிகழ்ந்தது. இன்று நம் ஜினாலயங்களில் மின்விசிறியின் இறகிலும் எவர்சில்வர் குடத்திலும் கொடுத்தவர் பெயரும் கடைப்பெயரும் எழுதும் வழக்கத்தை நகைப்பவர் பலர். விசிறியை விடப் பெரிதாகப் பெயர் எழுதினால் நகைக்கத்தான் வேண்டும். பெயர் எழுதுவதே பிழை என்றால் வியகனையும் நத்தியையும் நாம் அறிந்திருக்கவே முடியாது.

கடைத்தெருவில் நேராக விற்றபோது பழந்தமிழர் என்ன சொல்லி விற்றனர்? அகநானூற்றில் உமணர் மகள் ஒருத்தி உப்பு விற்கிறாள். உமணர் என்போர் உப்பை வண்டியேற்றி உள்நாட்டுக்குக் கொண்டுசென்று விற்றவர். அவள் தெருவில் கூவுவது ஒரே செய்தி: நெல்லும் உப்பும் ஒரே அளவு. ஒரு படி நெல் கொடுத்தால் ஒரு படி உப்பு. அம்மூவனார் பாட்டில் வரும் தலைவனின் நெஞ்சம் அவள் பின்னே போனது வேறு செய்தி. வணிகத்தை மட்டும் நோக்கினால், விலையை முதலில் சொல்லி, யாவரும் கேட்கச் சொல்லி, எல்லார்க்கும் ஒன்றாகச் சொல்லியதே அவள் செய்த விளம்பரம் முழுவதும். என் உப்பே உலகில் சிறந்த உப்பு என்று அவள் கூறவில்லை. பட்டினப்பாலை புகார் வணிகரைப் பாடும்போதும் இதே பண்பைக் காண்கிறோம். கொள்ளும்போது மிகுதியாகக் கொள்ளாமலும், கொடுக்கும்போது குறைத்துக் கொடுக்காமலும், பிறர் பொருளையும் தம் பொருள்போல் கருதியும் விற்றனர். தம் ஊதியத்தையும் ஒளியாமல் கூறினர் என்பது உரை.

ஓவியமும் எழுத்தும் எல்லார்க்கும் எட்டாத காலத்தில் கொடி இருந்தது. மதுரைப் பொற்கடை வீதியில் கட்டியிருந்த கொடிகளைப் பற்றிச் சிலப்பதிகார ஊர்காண் காதை தரும் செய்தி, வணிகம் செய்ய விரும்பும் ஒவ்வொருவரும் அறிய வேண்டியது. பொன் நால்வகை: சாதரூபம், கிளிச்சிறை, ஆடகம், சாம்பூநதம். வாங்க வருவோர் எது எவ்வகை என்று மயங்கி வருந்தாதிருக்கும்பொருட்டு, பொன்னின் வகை தெரிந்தவர் அங்கே கொடி எடுத்தனராம். கொடியின் வேலை மயக்கத்தைத் தீர்ப்பது. நம் காலத்து விளம்பரங்களுள் எத்தனை மயக்கத்தைத் தீர்க்கின்றன, எத்தனை மயக்கத்தை ஆக்குகின்றன என்பதைப் படிப்பவரே எண்ணிக்கொள்க. அதே காதையில் மணி விற்கும் வீதியைக் கூறுமிடத்து, வயிரத்துக்கு உரிய குற்றங்களாகிய காகபாதம், களங்கம், விந்து, ஏகை ஆகியவற்றின் பெயர்கள் வரிசையாக வருகின்றன. குற்றத்தின் பெயரைச் சொல்லி அது இதில் இல்லை என்று காட்டுவதே அன்றைய தரச்சான்று. கூல வீதியிலோ துலாக்கோல் பிடித்தவரும் அம்பண அளவையரும் மக்கள் கண்முன்னே நடமாடினர்.

இத்தகைய நகரத்தில்தான் கோவலன் தோற்றான்.

சிலப்பதிகாரத்தைக் கற்பின் காப்பியம் என்றும் ஊழின் காப்பியம் என்றும் படித்திருக்கிறோம். அதனைப் புதுத்தொழில் தொடங்கச் சென்ற ஒரு வணிகனின் வரலாறாகவும் படிக்க இடம் உண்டு. இழந்த பொருளை மதுரையில் மீட்பேன், இச்சிலம்பே முதல் என்று கூறிக் கோவலன் புறப்படுகிறான். முதல் இருந்தது. பொருள் குற்றமற்றது, உள்ளே மாணிக்கப் பரல். அவனோ மாசாத்துவான் மகன், பிறப்பிலேயே வணிகன், மாதரி வாக்கில் சாவக நோன்பி. துணையாக வந்தவர் கவுந்தியடிகள். இத்தனையும் இருந்தும் சரக்கு ஒரு நாள்கூடக் கடைத்தெருவில் நிற்கவில்லை.

எங்கே தவறிற்று என்பதை அடிகள் மிக நுட்பமாக வைத்திருக்கிறார். ஊர்காண் காதையில், நகரத்து வணிகர்க்கு என் நிலையை உணர்த்தி வருகிறேன், அதுவரை கண்ணகியைக் காத்தருள்க என்று கவுந்தியடிகளிடம் சொல்லிவிட்டுக் கோவலன் ஊருக்குள் போகிறான். போனவன் என்ன செய்தான்? கணிகையர் வீதியைக் கண்டான். மணி வீதியைக் கண்டான். பொன் வீதி, அறுவை வீதி, கூல வீதி, எல்லாம் கண்டான். கண்டு மகிழ்ந்து மதிற்புறத்துக்குத் திரும்பிவிட்டான். எந்த வணிகரையும் சந்தித்ததாக ஓர் அடியும் இல்லை. எதற்காகப் போவதாகச் சொன்னானோ அந்த ஒன்று மட்டும் நிகழவில்லை. மீண்டு வந்து அடிகளிடம் மதுரையின் சிறப்பையும் பாண்டியன் செங்கோலையும் புகழ்ந்து உரைக்கிறான்.

அடைக்கலக் காதையில் மாடலனும் கவுந்தியடிகளும் மறுபடி அதையே நினைவூட்டுகின்றனர். துறவியர் இருக்கும் இப்புறஞ்சேரி உனக்கு உரிய இடம் அன்று, உன்னை ஏற்றுக்கொள்ளும் வணிகர் நகருள் உளர், கதிரவன் மறையுமுன் சென்று சேர்க என்கின்றனர். ஆய்ச்சி மாதரியிடம் கண்ணகியை ஒப்படைக்கும்போதும் அடிகள் சொல்வது அதுவே: இவள் கணவனுடைய தந்தையின் பெயரைக் கேட்டால், இவன் குலத்து வணிகர் பெறற்கரிய பொருளைப் பெற்றவர்போல் எதிர்கொண்டு விருந்தளிப்பர், அவர் மனைக்குச் செல்லும்வரை இவர்கள் உன் அடைக்கலம். இதைச் சொன்னவர் எல்லாப் பற்றும் துறந்த ஒரு சமணத் துறவி. வணிகத்தில் அறிமுகத்தின் மதிப்பை வணிகன் மகனைவிட அவர் தெளிவாக உணர்ந்திருக்கிறார்!

மறுநாள் கோவலன் சிலம்பில் ஒன்றை எடுத்துக்கொண்டு நேரே விற்கப் போனான். தந்தையின் பெயரைச் சொல்லி ஒரு வணிகர் மனையின் திண்ணையில் அரை நாழிகை அமர்ந்திருந்தால் போதும். இந்தச் சிலம்பு யாருடையது, இவன் யாருடைய மகன் என்பதற்கு மதுரையிலேயே சான்று இருந்திருக்கும். அவன் வீதியில் எதிர்ப்பட்ட பொற்கொல்லன் ஒருவனை நிறுத்தி, அரசன் தேவிக்கு ஆகும் காலணி ஒன்றுக்கு விலை மதிக்க வல்லாயோ என்று கேட்டான். முதலில் எதிர்ப்பட்டவன், முன்பின் அறியாதவன், தேவியின் சிலம்பைத் தானே வஞ்சித்து வைத்திருந்தவன். ஊர் தெரியாத, பெயர் தெரியாத ஒருவன் கையில் அரசிக்கு உரியது போன்ற அணி இருந்தது. கள்வன் என்று சொன்னதும் நம்புவது எளிதாயிற்று. பாண்டியன் ஆராயாதது பெரும்பிழை. அதை மறுப்பதற்கில்லை. ஊழ்வினையும் உருத்து வந்தது. எனினும், மன்னன் ஆராயப் புகுந்திருந்தால்கூட, இவனை அறிவேன் என்று முன்வந்து கூற அந்நகரில் ஒரு வணிகரும் அன்று இல்லை என்பது கோவலன் தானே விட்டுவைத்த இடைவெளி. (பொற்கொல்லர் அனைவரும் அத்தகையர் என்று கருதிவிடலாகாது. அழகர்மலைக் கல்வெட்டில் துறவியர்க்குக் கொடை தந்தவர் வரிசையில் மதுரைப் பொற்கொல்லன் ஆதன் இருப்பதை முன்பே கண்டோம்.)

விளம்பரம் வாய்மை நோன்புக்கு மாறானதோ என்னும் அச்சத்துக்கு நம் நூல்களே விடை தருகின்றன. உமாசுவாமியின் தத்துவார்த்த சூத்திரம் 7ஆம் அத்தியாயத்தில் இல்லறத்தார்க்கு உரிய அணுவிரதங்களையும் அவற்றின் அதிசாரங்களையும் வகுத்துரைக்கிறது. கள்ளாமை விரதத்துக்கு ஐந்து அதிசாரங்கள்: திருட்டுக்குத் தூண்டுதல், திருட்டுப் பொருளைக் கொள்ளுதல், அரசின் நெறியைக் கடந்து வாணிகம் செய்தல், குறைந்தும் மிகுந்தும் உள்ள இருவகை அளவைகளை வைத்திருத்தல், போலியை மெய்ப்பொருள்போல் விற்றல். ஐந்தும் கடைக்காரரை நோக்கியே சொன்னவை போல உள்ளன. வாய்மை விரதத்தின் அதிசாரங்களுள் பொய்யான அறிவுரை கூறுதலும் பொய் ஆவணம் எழுதுதலும் அடங்கும். சமந்தபத்திரரின் இரத்தினகரண்டக சிராவகாசாரமும் இத்துறையையே விரித்துரைக்கிறது. நம்மவர் இல்லங்களில் ஓதிவரும் அருங்கலச்செப்பு அந்நெறியைத் தமிழில் தருகிறது.

இப்பட்டியலில் வாணிகம் விலக்கப்படவில்லை, ஊதியம் விலக்கப்படவில்லை, தன் பெயரையும் பொருளையும் விலையையும் வெளிப்படக் கூறுதலும் விலக்கப்படவில்லை. விலக்கப்பட்டவை இருவகை அளவையும் போலியும் பொய்யெழுத்தும். மணிலா எண்ணெயில் மலிவான எண்ணெயைக் கலந்து மரச்செக்கு என்று ஒட்டுத்தாள் ஒட்டினால், அது கள்ளாமையையும் வாய்மையையும் ஒருசேரக் கெடுக்கும். தன் செக்கு எந்த ஊரில் இருக்கிறது, கடலை எங்கே வாங்கியது, என்று ஆட்டியது, லிட்டர் என்ன விலை என்று எழுதி ஒட்டினால் எந்த விரதத்துக்கும் ஊறு இல்லை. நேரில் வந்து செக்கைப் பார்க்கலாம் என்றும் எழுதலாம். விற்கத் தொடங்கும் பிள்ளைகள், நம் ஊர்ச் சங்கத்தாரிடமும் முன்பே கடை வைத்திருக்கும் உறவினரிடமும் சென்று தம் நிலையை உணர்த்துதல் முதல் நாள் செய்யத்தக்கது. வீதிகளைச் சுற்றிப் பார்ப்பதை இரண்டாம் நாள் வைத்துக்கொள்ளலாம். அப்பிள்ளைகளைத் திண்ணையில் அமர்த்தி, இன்னார் மகன், இன்னார் மகள் என்று நாலு பேருக்குச் சொல்லிவைப்பது பெரியோர் பங்கு. புகழூர்க் குகையில் பொன் வாணிகனும் அரச மரபினரும் ஒரே மலையில் இடம்பெற்றது போல, நம் சங்கங்களில் புதுக்கடைக்காரர்க்கும் ஓர் இடம் இருத்தல் வேண்டும்.

பெயரின் வன்மையைக் காட்டும் பொருள் ஒன்று கடல் கடந்து கிடைத்துள்ளது. தாய்லாந்து நாட்டின் தென்பகுதியில் குவான் லுக் பாட் என்னும் பழந்துறையில் பொன்னை உரைத்துப் பார்க்கும் சிறு கல் ஒன்று எடுக்கப்பட்டது. கி.பி. 3 அல்லது 4ஆம் நூற்றாண்டினது என்பர். தமிழ் அறியாத ஊரில், தமிழ் எழுத்தில், அக்கல்லின் உரிமையாளர் எழுதியிருப்பது இரண்டே சொல்: பெரும்பதன் கல். யாருடைய பொன்னையும் அதில் உரைத்துப் பார்க்கலாம். அவர் விற்ற பொன்னையும் அதே கல்லில்தான் உரைத்திருப்பார்கள். கிராபி மாவட்டத்துக் குளோங் தோம் ஊரில், புத்த விகாரத்தை ஒட்டிய அருங்காட்சியகத்தில் அக்கல் இன்றும் உள்ளது.